எது மாதிரி?

தமிழில் மிகவும் ஆபத்தான வார்த்தை எது என்று என்னைக் கேட்டால், ‘மாதிரி’ என்பேன்.

‘பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருப்பா’ என்கிறார் தரகர். ‘சொந்த வீடு மாதிரி நினைச்சுக்குங்க’ என்கிறார் வீட்டுக்காரர். (ஆணி அடிக்கக் கூடாது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மோட்டார் போடக் கூடாது.) ‘நம்ம ஆபீஸ் ஒரு குடும்பம் மாதிரி’ என்று மேனேஜர் தொண்டையைக் கனைத்தால், அந்த வருடம் இன்க்ரிமென்ட் கிடையாது என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்ட வார்த்தை போன வருடம் ஜனவரியில், பொங்கல் கரும்பு தீர்வதற்குள், விருதுநகரிலிருந்து போனில் வந்தது. அக்கா!

“டேய், இவன் சி.எம்.ஐ., சி.எம்.ஐ.ன்னு உயிரை எடுக்கிறான். கிடைக்கலைன்னா என்னடா பண்றது? அது மாதிரி இன்னும் நாலு காலேஜ் பார்த்துச் சொல்லேன். நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதறியே...”

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் கடைசி வாசகி என் அக்காதான். நானோ பி.காம். நான் காலேஜ் தேர்ந்தெடுத்த விதம் ரொம்ப சுலபம். தெருமுனையில் ஏறுகிற டவுன் பஸ் எந்தக் காலேஜ் வாசலில் நிற்கிறதோ, அதுதான் காலேஜ். அங்கே எந்தப் பாடத்தில் இடம் பாக்கி இருக்கிறதோ, அதுதான் லட்சியம்.

ஆனாலும் தாய்மாமன் என்றால் சும்மாவா? காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்டவன், காலேஜ் தேடும்போது நழுவ முடியுமா? “பார்க்கிறேன்க்கா” என்றேன்.

*

பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனி பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே சிறுசேரி சிப்காட்டுக்குப் போகிற நண்பர்களே, நாளைக்கு ஒரு நாள் கொஞ்சம் முன்னாடியே கண்ணைத் திறந்து வையுங்கள். சாஃப்ட்வேர் கட்டடங்களுக்கு நடுவே தேமேயென்று ஒரு இடம் இருக்கும். சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட். சுருக்கமாக சி.எம்.ஐ.

அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் ‘சி.எம்.பி.டி.யா? கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுல என்ன படிப்பு?’ என்று கேட்டாராம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உலகத்தில் கணக்கு வாத்தியார்களுக்கெல்லாம் தெரிந்த இந்த இடம், விருதுநகர் மெயின் பஜாருக்குத் தெரிய எந்த நியாயமும் இல்லை.

கதை சுருக்கமாக: சி.எஸ். சேஷாத்ரி என்று ஒரு கணித மேதை. காஞ்சிபுரத்தில் பிறந்தவர். நன்றாகக் கர்நாடக சங்கீதமும் பாடுவார். 1989-ல் ஸ்பிக் சயின்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவில் ஒரு சின்ன ஆராய்ச்சி மையம் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் தி.நகரில்தான் ஜாகை. அதாவது, ஊரே புடவை எடுக்கப் போகிற இடத்தில் இவர்கள் வடிவ கணிதம் செய்துகொண்டிருந்தார்கள். 1998-ல் பி.எஸ்ஸி. வகுப்பு ஆரம்பித்தார்கள். பட்டம் கொடுக்கிற அதிகாரம் அப்போது இல்லை. அதனால் சென்னையில் படித்துவிட்டு, போபாலில் இருக்கும் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வாங்கினார்கள்! 2005-ல் சிறுசேரிக்குக் குடிபோனார்கள். 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வந்தது. சேஷாத்ரி 2020-ல் காலமானார்.

இன்றைக்கும் சின்ன இடம்தான். கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்த்து ஒரு பி.எஸ்ஸி., கணக்கும் பௌதிகமும் சேர்த்து ஒன்று, மேலே எம்.எஸ்ஸி., பிஎச்.டி. அவ்வளவுதான். வருடத்துக்கு பி.எஸ்ஸி.யில் சேருகிறவர்களை டஜன் கணக்கில் எண்ணிவிடலாம். நாடு முழுக்க இருக்கும் கணக்குப் பைத்தியங்கள் அந்தச் சில டஜன் இடத்துக்கு மோதுகின்றன.

நுழைவுத் தேர்வும் ஒரு தினுசானது. மே மாதம் நடக்கும். ஒரு பகுதியில் விடை மட்டும் போதும். இன்னொரு பகுதியில் அது செல்லாது. ஏன் அந்த விடை என்று வரிக்கு வரி எழுதி நிரூபிக்க வேண்டும். ‘நிரூபி’ என்றால் என்ன என்று மருமகன் எனக்கு விளக்கினான்.

“மாமா, உங்களுக்குத் தெரிஞ்சவங்க பதிமூணு பேரை நிறுத்தினா, அதுல ரெண்டு பேராவது ஒரே மாசத்துல பொறந்திருப்பாங்க. சரியா?”

எங்கள் பழைய ஆபீஸை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஜூனில் மட்டும் நாலு கேக் வெட்டினோம். “சரிதான் மாப்ளே. எங்க ஆபீஸ்ல கரெக்டா இருக்கு.”

“உங்க ஆபீஸ்ல இருந்தாப் போதாது மாமா. எந்த ஆபீஸ்லயும் இருந்தே தீரும்னு காட்டணும். மாசம் பன்னிரண்டுதானே? பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு மாசமாப் பிரிச்சுக்கிட்டாலும் பதிமூணாவது ஆள் எங்கே போவான்? யாரோட மாசத்துலயாவது போய் உட்கார்ந்துதானே ஆகணும்?”

அட! பேர் தெரியாது, ஊர் தெரியாது, பிறந்த தேதி ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் முடிவு மட்டும் அசைக்க முடியாதபடி நிற்கிறது. பி.காம். படித்த எனக்கே ஒரு கணம் சிலிர்த்தது. பதினேழு வயசுப் பையனுக்குப் பைத்தியம் பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

*

பிரச்னை அத்தான். வில்லன் இல்லை, நல்ல மனுஷன். மெயின் பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. இருபது வருடமாக ஒரே நாற்காலி. கணக்கு படிப்பதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது. இடங்களின் எண்ணிக்கைதான் அவரைத் தூங்கவிடவில்லை.

“லாட்டரிச் சீட்டை நம்பி எவனாவது கடையை மூடுவானா மாப்ளே?” என்று என்னிடம் கேட்டார். “இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல ஒரு அப்ளிகேஷன் போட்டு வைடான்னா, மாட்டேங்கிறான்.”

பையன் தரப்பு இன்னும் மோசம். “கிடைச்சா சி.எம்.ஐ. இல்லைன்னா எதுவா இருந்தா எனக்கென்ன?” என்று சொல்லிவிட்டான். பேச்சு அதோடு நின்றுவிட்டது. அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அக்கா வழியாகத் தபால் அனுப்பிக்கொண்டார்கள். ‘சாப்பிட வரச் சொல்லு.’ ‘பசிக்கலைன்னு சொல்லும்மா.’ ஹால் டிக்கெட் வருவதற்கு முன்னாலேயே பையன் தோற்றுவிட்ட முகத்தோடு திரிகிறான் என்று அக்கா போனில் அழுதாள்.

அந்த ‘எதுவா இருந்தா எனக்கென்ன’தான் என்னையும் பயமுறுத்தியது. பதினேழு வயசில் ஒரு வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறவன், அது சாத்திக்கொண்டால் தெருவையே வெறுத்துவிடுவான். அப்படி வெறுத்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல வேலையில் இருப்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பேச்சுக் கொடுத்தால், பதினைந்து வருடத்துக்கு முன் கிடைக்காத ஒரு சீட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

ஆகவே களத்தில் இறங்கினேன். நண்பர்களிடம் விசாரித்தேன். தர வரிசைப் பட்டியல்களைப் புரட்டினேன். ஆளாளுக்கு ஒரு ‘அது மாதிரி’ கொடுத்தார்கள்.

‘அது மாதிரியே சிறுசேரிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கே’ என்றார் ஒருவர். (மாதிரி = அதே பஸ் ரூட்.)

‘சி.ஏ. போடச் சொல்லுங்க சார், அதுவும் கணக்குதானே’ என்றார் ஆடிட்டர் நண்பர். (மாதிரி = எண்கள் வரும்.)

‘பாஸ் பண்றது கஷ்டமா? அப்ப ஐ.ஏ.எஸ்.’ என்றார் இன்னொருவர். (மாதிரி = வராது.)

ஒரு வாரத்தில் இருபத்து மூன்று பெயர்கள் சேர்ந்துவிட்டன. பெருமையாக அத்தானுக்குப் போன் போட்டு, ஒவ்வொன்றாக வாசித்தேன். ஏழாவது பெயரில் நிறுத்தினார்.

“மாப்ளே, கடைக்கு வர்ற பொம்பளைங்க பாதிப் பேரு, ‘போன தடவை வாங்கினோமே, அது மாதிரியே ஒரு குக்கர் குடுங்க’ன்னுதான் கேப்பாங்க. புதுப் பையன் உடனே பரண்ல ஏறி இருபது குக்கரை எறக்கிப் போடுவான். ஒண்ணும் ஓடாது. நான் இறங்க மாட்டேன். ‘எது மாதிரிம்மா?’ன்னு ஒரே கேள்வி. அளவா, கனமா, கைப்பிடியா, விலையா? ‘அடி பிடிக்காம இருந்துச்சுண்ணே’ன்னு ஒரு அம்மா சொல்லும். அவ்வளவுதான், அடிக்கனமா ஒண்ணை எடுத்து வெச்சா வியாபாரம் முடிஞ்சுது. பிராண்டு வேற, கலர் வேற, அந்தம்மாவுக்கு அதே குக்கர்தான்.”

கொஞ்ச நேரம் மூச்சு விட்டார். “நீ பரண்ல ஏறிட்டே. மொதல்ல அவன்கிட்ட கேளு. எது மாதிரி?”

அவரே கேட்டிருக்கலாம். ஆனால் அப்பாக்களின் கேள்வி மாமன் வாயில்தான் பிள்ளைகளுக்குக் காது கேட்கும். இது நம் நாட்டு வழக்கம்.

*

பையன் முதலில் மழுப்பினான். “எல்லாமேதான் மாமா” என்றான். விடவில்லை. முந்தைய வருடம் லீவில் வந்திருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் மூலம் அனுமதி வாங்கி அவனை சிறுசேரிக்கு அழைத்துப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

“அங்கே ரெண்டு அண்ணனுங்க ஒரு சார்கிட்ட பேப்பரைக் காட்டி ஏதோ கேட்டாங்கள்ல மாமா... அந்த சார் ரொம்ப நேரம் பார்த்துட்டு, ‘தெரியலையே, யோசிப்போம்’னாரு.”

“அதுல என்னடா?”

“எங்க ஸ்கூல்ல யாரும் அப்படிச் சொன்னதே இல்லை மாமா. தெரியாததைக் கேட்டா ‘சிலபஸ்ல இல்லை, உட்காரு’ம்பாங்க.”

ஆகா, அடி பிடிக்காத குக்கர் கிடைத்துவிட்டது!

அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தோம். சி.எம்.ஐ.யை முழுசாகப் பார்க்காமல், லெட்ஜரில் போடுகிற மாதிரி தலைப்புத் தலைப்பாகப் பிரித்தோம். ஒன்று, ஆராய்ச்சி செய்கிறவர்களே முதல் வருடப் பையனுக்கும் வகுப்பு எடுப்பது. இரண்டு, சின்னக் கூட்டம். மூன்று, மனப்பாடத்தை மதிக்காத தேர்வு. நான்கு, பக்கத்துக் கட்டில்காரனும் கணக்குப் பைத்தியமாக இருப்பது. ஐந்து, செலவும் தூரமும். கடைசித் தலைப்பு பையனுடையது இல்லை, அத்தானுக்காக நான் போட்டது.

இப்போது இருபத்து மூன்று பெயர்களை எடுத்து உரசிப் பார்த்தால், பாதிக்கு மேல் தானாகவே உதிர்ந்துவிட்டன. மிச்சத்தில் உருப்படியானவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பைத்தியம் இருக்கலாம்.

ஏறக்குறைய எல்லாத் தலைப்பிலும் ‘டிக்’ வாங்கியது இந்தியப் புள்ளியியல் கழகம், ஐ.எஸ்.ஐ. பெயரைச் சொன்னதும் அக்கா, “அது குக்கர்ல இருக்கிற முத்திரையாச்சே?” என்றாள். அத்தான், “பாகிஸ்தான்காரன் உளவுத் துறையில்லே?” என்றார். ரெண்டும் இல்லை. மகலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் ஆரம்பித்தது. 1959-ல் பாராளுமன்றமே சட்டம் போட்டு தேசிய முக்கியத்துவம் கொடுத்த இடம். கல்கத்தாவில் பி.ஸ்டாட்., பெங்களூரில் பி.மேத். இங்கேயும் கூட்டம் சின்னது. தேர்வில் விடையைத் தட்டுகிற தாள் ஒன்று, விளக்கி எழுதுகிற தாள் ஒன்று. சி.எம்.ஐ.க்குத் தயார் செய்கிறவன் தனியாக இதற்கு உழைக்க வேண்டியதே இல்லை. கிட்டத்தட்ட ஒரே சமையல், ரெண்டு பந்தி.

அத்தானை மயக்கியது வேறு. பல வருடங்களாக அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது. ஒழுங்காகப் படிக்கிற பையனுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. “படிக்கிறதுக்கு நமக்குக் காசா?” என்று ரெண்டு தடவை கேட்டார். சி.எம்.ஐ.யில் கட்டணம் உண்டு, சலுகைகளும் உண்டு. நம்மூர் ஆட்களுக்கும் கல்கத்தா ஒன்றும் புதிதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன் அங்கேதான் போய் டாக்டர் பட்டம் வாங்கினார். 2007-ல் கணிதத்தின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஆபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

முதல் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் கதவுகள் அகலமாகத் திறக்கின்றன. ‘ஐசர்’ என்று சொல்கிறார்களே, மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள். 2006-ல் கல்கத்தாவிலும் புனேயிலும் ஆரம்பித்து, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என்று ஏழு இருக்கின்றன. ஐந்து வருடம் படித்தால் பி.எஸ்.-எம்.எஸ். இரண்டும் கையில். ஏழுக்கும் சேர்த்து ஒரே நுழைவுத் தேர்வு. அதே மதிப்பெண்ணை வைத்து பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யின் பி.எஸ். படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். 1909-ல் தொடங்கிய ஐ.ஐ.எஸ்ஸி., நூறு வருடம் மேல்படிப்பும் ஆராய்ச்சியும் போதும் என்று இருந்துவிட்டு, 2011-ல்தான் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளை உள்ளே விட்டது.

இதே குடும்பத்தில் அணுசக்தித் துறையின் பிள்ளைகள் இரண்டு. புவனேஸ்வர் பக்கம் நைசர், மும்பையில் சி.இ.பி.எஸ். இவற்றுக்கு ‘நெஸ்ட்’ என்று தனித் தேர்வு.

இவையெல்லாம் சி.எம்.ஐ.யை விடப் பெரிய இடங்கள். பெரிதாக இருக்கக் காரணமும் உண்டு. கணக்குக்குக் கரும்பலகை, சாக்பீஸ், நல்ல நூலகம், நாலு நல்ல மண்டை போதும். சின்ன இடத்திலேயே உலகத் தரத்தில் கடை போடலாம். ரசாயனமும் உயிரியலும் அப்படி இல்லை. கூடம் வேண்டும், கருவி வேண்டும், கருவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கணக்கை மட்டும் நேசிக்கிறவனுக்குச் சின்ன இடம் சொர்க்கம். ஒரு வருடம் கழித்து, ‘எனக்குக் கணக்கு இல்லை, பூச்சிதான் பிடிக்குது’ என்று மனசு மாறுகிறவனுக்குப் பெரிய இடம்தான் பிழைக்க வழி. பதினேழு வயசில் தான் எந்த ரகம் என்று எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்?

சரி, எந்தத் தேர்விலும் கிடைக்கவில்லை என்றால்? அத்தானின் நியாயமான கேள்வி. தாளில் அதற்கும் ஒரு வரி போட்டோம். ‘பக்கத்து ஊர் காலேஜில் பி.எஸ்ஸி. கணக்கு.’

பையன் முகம் சுருங்கியது. அப்போதுதான் அவன் தெய்வத்தையே சாட்சிக்கு இழுத்தேன். சேஷாத்ரி எங்கே பி.ஏ. ஆனர்ஸ் படித்தார்? சென்னை லயோலாவில். அவர் காலத்தில் சி.எம்.ஐ. ஏது, ஐசர் ஏது? ஆனால் அங்கே சார்ல்ஸ் ரசீன் என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கணக்கு வாத்தியாராக இருந்தார். பாரிஸில் அன்றைக்கு நடந்துகொண்டிருந்த புதுக் கணிதத்தைச் சென்னைப் பையன்களுக்கு அறிமுகப்படுத்தினார். அவரிடம் படித்த இன்னொரு மாணவர் எம்.எஸ். நரசிம்மன். ரெண்டு பேரும் பம்பாய் டாட்டா இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார்கள். 1965-ல் ரெண்டு பேரும் சேர்ந்து நிறுவிய தேற்றத்தை இன்றைக்கும் உலகம் நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் என்றுதான் சொல்கிறது. அவர்களுக்குக் கிடைத்த சி.எம்.ஐ., ஒரே ஒரு வாத்தியார்!

“எல்லாக் காலேஜிலும் ரசீன் இருப்பாரா மாமா?” என்றான். விவரமான பயல்.

இருக்க மாட்டார். அதனால்தான் வெளியே போய்ப் பிடிக்க வழி வைத்திருக்கிறார்கள். 1993-ல் பேராசிரியர் எஸ். குமரேசன் ஆரம்பித்த எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி முகாம் இருக்கிறது. சாதாரணக் காலேஜ் மாணவர்களைக் கூட்டி வைத்து, மனப்பாடத்தை மறக்கடித்து, கேள்வி கேட்கப் பழக்குகிறார்கள். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்ஸி. வாத்தியார்களின் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். மூலம் வீட்டிலேயே கிடைக்கின்றன. சி.எம்.ஐ.யின் மாதவன் முகுந்த்கூட அதில் பைத்தான் பாடம் எடுத்திருக்கிறார். மூன்று வருடம் கழித்து ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ‘ஜாம்’ தேர்வு. சி.எம்.ஐ.யும் ஐ.எஸ்.ஐ.யும் எம்.எஸ்ஸி. அளவில் மறுபடி தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள். அதாவது சிறுசேரி வாசல் பதினேழு வயசில் ஒரு தடவை, இருபதில் இன்னொரு தடவை திறக்கிறது. இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சொன்னால் பயம் போய்விடும் என்று பயமோ என்னவோ.

பையன் ரொம்ப நேரம் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பேனாவை வாங்கி, அதற்கு நேரே ‘இருபது வயசு’ என்று எழுதி அடிக்கோடு போட்டான். அன்று ராத்திரி ரெண்டு தோசை அதிகம் சாப்பிட்டதாக அக்காவிடமிருந்து தகவல்.

*

மார்ச்சிலிருந்து வரிசையாக விண்ணப்பங்கள். சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ., ஐசர், நெஸ்ட். அத்தானின் நிம்மதிக்காக இன்ஜினியரிங் கவுன்சிலிங்கும் போட்டான். அதற்குத் தேர்வு எழுத வேண்டியதில்லை, ப்ளஸ் டூ மார்க்கே போதும். ஒரு மாலை அத்தானே கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்து, ‘எந்த சென்டர் போட்டிருக்கே?’ என்று பிள்ளையிடம் நேரடியாகக் கேட்டாராம். தபால் சேவை அன்றோடு ரத்து.

இந்த இடத்தில், பையன் சி.எம்.ஐ.யில் முதல் ரேங்க் வாங்கினான் என்று எழுதினால் உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். வாங்கவில்லை. சி.எம்.ஐ. பட்டியலில் பெயர் இல்லை. ஐ.எஸ்.ஐ.யிலும் இல்லை. அன்றைக்கு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். போனை எடுக்கவில்லை. நானும் ரெண்டாவது தடவை போடவில்லை. அழ வேண்டிய விஷயத்துக்கு அழட்டும் என்று விட்டுவிடுவதும் தாய்மாமன் வேலைதான்.

மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான். “மாமா, ஐசர் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கு. கெமிஸ்ட்ரில கொஞ்சம் வீக். யாராவது தெரிஞ்ச சார் இருக்காங்களா?”

‘எதுவா இருந்தா எனக்கென்ன’ என்று ஜனவரியில் சொன்ன அதே பையன். என்னைப் பொறுத்தவரை ரிசல்ட் அன்றைக்கே வந்துவிட்டது.

திருவனந்தபுரம் ஐசரில் இடம் கிடைத்தது. விதுரா என்கிற ஊரில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது. சேர்த்துவிட்டு வந்த அத்தான், “இடம் குத்தாலம் மாதிரி இருக்கு மாப்ளே” என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “மலை மட்டும்” என்று திருத்திக்கொண்டார்.

முதல் மாதம் பையனிடமிருந்து புகாராக வந்தது. சாப்பாட்டில் தேங்காய் எண்ணெய். துணி காயவே மாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் விட, முதல் வருடத்தில் உயிரியலும் படிக்க வேண்டுமாம். ப்ளஸ் ஒன்னில் எந்த உயிரியலுக்குப் பயந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்கு ஓடினானோ, அதே உயிரியல்! சி.எம்.ஐ.யில் இந்த உபத்திரவம் இருந்திருக்காது. ‘மாதிரி’ என்பது எத்தனை சுத்தமாகத் தேடினாலும் கொஞ்சம் சில்லறை பாக்கி வைக்கத்தான் செய்கிறது. இப்போது செல்லுக்குள் மரபணு போடும் கணக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறான். நான் ‘உம்’ கொட்டுகிறேன். டிசம்பர் லீவில் சிறுசேரிக்குப் போக வேண்டும் என்கிறான். எம்.எஸ்ஸி. பற்றி விசாரிக்கவாம்.

ஆகவே, டவுனில் ஆபீஸ் வேலையில் இருப்பதாலேயே சொந்த பந்தங்களின் கல்வி ஆலோசகராக நியமிக்கப்பட்ட நண்பர்களே! ‘அது மாதிரி நாலு காலேஜ் சொல்லு’ என்று ஊரிலிருந்து போன் வந்தால், பரணில் ஏறாதீர்கள். பையனையோ பெண்ணையோ தனியாகக் கூப்பிட்டு, ‘எது மாதிரி?’ என்று கேளுங்கள். முதலில் ‘எல்லாமே’ என்பார்கள். விடாதீர்கள். ஒரு கரும்பலகையோ, ஒரு சிநேகிதனோ, ஒரு வாத்தியார் சொன்ன ஒற்றை வார்த்தையோ வெளியே வரும். சில சமயம் ‘பேர்தான் மாமா’ என்றும் பதில் வரும். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பேருக்கு மாற்று கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் நாட்டில் எங்கேயாவது ஒரு மாற்று இருக்கிறது. சில சமயம் பக்கத்துத் தெரு டவுன் பஸ்ஸிலேயேகூட.

போன மாதம் விருதுநகர் போயிருந்தேன். கடையில் உட்கார்ந்திருந்தபோது, பழைய வாடிக்கையாளர் ஒருவர் குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பையன் என்ன, இன்ஜினியரிங்கா?”

“இல்லை. கணக்கு படிக்கிறான்” என்றார் அத்தான்.

“கணக்கா? அதான் இங்கே கடையிலயே இருக்கே! அதுக்கு எதுக்குக் கேரளா வரைக்கும்?”

அத்தான் பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அண்ணாச்சி, அது வேற மாதிரி!”